விசுவாசமும் நம்பிக்கையும்: பர்மாவில் ஜட்சன் கண்ட இருளும் விடிவும்

தமிழில் 'நம்பிக்கை' என்னும் சொல் இரு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. ஒருவரையோ ஒரு கொள்கையையோ மெய்யென்று ஏற்று அதன்மேல் உறுதியாய் நிற்பதும் நம்பிக்கையே. நாளை நலமாய் விடியும் என்று எதிர்பார்த்திருப்பதும் நம்பிக்கையே. தமிழ்க் கிறிஸ்தவ வழக்கு இவ்விரண்டையும் வேறு பிரித்தது. முன்னதற்கு 'விசுவாசம்' என்றும் பின்னதற்கு 'நம்பிக்கை' என்றும் பெயரிட்டது. பவுல் அடிகள் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் நிருபத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு ஆகிய மூன்றும் ஒருங்கே வைத்துப் பேசப்படுகின்றன.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. விசுவாசத்தை இழந்தவனிடத்தில் நம்பிக்கை குன்றாதிருத்தல் உண்டு. கடவுள் இல்லை என்று துணிந்த பின்னும் தன் அறிவையும் உலகத்தையும் நம்பி மகிழ்ச்சியோடு வாழ்வோர் பலர். அவ்வாறே, விசுவாசத்தைக் கைவிடாதவனிடத்தில் நம்பிக்கை முற்றும் அற்றுப்போதலும் உண்டு. இவ்விரு நிலைகளையும் ஒரே வாழ்வில் கடந்து மீண்டவர் ஒருவர் சரித்திரத்தில் இருக்கிறார். அவர் பர்மிய மொழிக்கு முழு விவிலியத்தைத் தந்த அமெரிக்கப் போதகர் அதோனிராம் ஜட்சன். அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆவாச் சிறையில் அவர் பட்ட பாட்டையே விரித்துரைப்பர். ஆனால் சிறையினின்று விடுதலை பெற்ற பின்னரே அவருடைய வாழ்வின் கொடிய இருள் தொடங்கியது.

இளமையில் இழந்தது

ஜட்சன் 1788ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் சபை குருவானவர். மகன் பெரும்புகழ் பெற வேண்டும் என்னும் ஆசை உடையவர். மகனும் அதற்கேற்பக் கூர்மதி வாய்ந்தவனாய் வளர்ந்தான். பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1807இல் முதல் மாணவராகத் தேறினார் ஜட்சன். பின்னர் பிளிமத் நகரில் சொந்தமாக ஒரு பள்ளிக்கூடம் திறந்து, ஆங்கில இலக்கண நூல் ஒன்றும் பெண்பிள்ளைகளுக்கான கணக்கு நூல் ஒன்றும் எழுதி வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபதுகூட நிரம்பவில்லை.

கல்லூரியில் அவருக்கு ஓர் உயிர்த்தோழன் இருந்தான். அவன் பெயர் ஜேக்கப் ஈம்ஸ். உலகத்தைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு, ஆனால் அவர் மனிதரோடு பேசுவதும் இல்லை, அவர்தம் வாழ்வில் தலையிடுவதும் இல்லை என்பது அவன் கொள்கை. அக்காலத்தில் கற்ற இளைஞரிடையே அக்கொள்கைக்குச் செல்வாக்கு மிகுதி. ஜட்சனும் அதன் வயப்பட்டார். வீட்டில் தந்தையாரின் வாதங்களுக்கு அவர் மசியவில்லை; தாயாரின் கண்ணீரே அவரை வருத்தியது. 1808ஆம் ஆண்டு வீட்டை விட்டு நியூயார்க் நகருக்குச் சென்று, சில காலம் ஒரு நாடகக் குழுவோடு சுற்றினார்.

திரும்பும் வழியில் ஓர் இரவு ஊர்ப்புறத்து விடுதி ஒன்றில் தங்கினார். அடுத்த அறையில் இளைஞர் ஒருவர் நோயால் துன்புறுவதாகவும், பிழைப்பது அரிது என்றும் விடுதிக்காரர் முன்னரே சொல்லியிருந்தார். இரவெல்லாம் அவ்வறையினின்று முனகலும் காலடி ஓசையும் கேட்டுக்கொண்டிருந்தன. இறக்கும் அவ்விளைஞன் மறுமைக்கு ஆயத்தமாய் இருப்பானோ என்னும் எண்ணம் ஜட்சனுக்கு எழுந்தது. இதைக் கேட்டால் ஈம்ஸ் எவ்வளவு நகைப்பான் என்று தமக்குள்ளே நாணினார். காலையில் விசாரித்தபோது இளைஞன் இறந்துவிட்டதாகத் தெரிந்தது. பெயர் யாது என்று கேட்டார். பிரவுன் கல்லூரியில் பயின்ற ஜேக்கப் ஈம்ஸ் என்று விடை வந்தது.

அந்த அதிர்ச்சி அவரை வீட்டுக்குத் திருப்பியது. அவ்வாண்டே ஆண்டோவர் இறையியல் கல்லூரியில் சேர்ந்து, டிசம்பர் மாதத்தில் தம்மைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தார். முதல் இழப்பு அறிவின் செருக்கால் வந்தது. ஓரிரவின் அதிர்ச்சியால் நீங்கத் தொடங்கிச் சில மாதங்களில் முற்றும் நீங்கியது. அக்காலத்தில் அவர் விசுவாசத்தை இழந்தாரேயன்றி, நம்பிக்கையை இழக்கவில்லை. அவர் கண்முன் உலகம் பரந்து கிடந்தது; எதையும் சாதிக்கலாம் என்னும் துணிவு நெஞ்சில் நிறைந்திருந்தது. அவருடைய வாழ்வின் பெருஞ்சோதனை பிறிதொரு நாட்டில் அவருக்காகக் காத்திருந்தது.

சென்னை வழியே இரங்கூனுக்கு

1812ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் ஜட்சன் ஆன் ஹாசல்டைன் என்னும் நங்கையை மணந்தார். இரண்டு வாரத்தில் இருவரும் கப்பலேறினர். ஜூன் மாதத்தில் கல்கத்தாவை அடைந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனியார் அவர்களை அங்குத் தங்கவிடவில்லை. போதாக்குறைக்கு, ஞானஸ்நானம் பற்றிய தம் கருத்து மாறியமையால் ஜட்சன் தம்மை அனுப்பிய சங்கத்தினின்றும் விலக நேர்ந்தது. மொரீசியசுத் தீவுக்குச் சென்று, அங்கிருந்து 1813 ஜூனில் சென்னைக்கு வந்தனர். சென்னையிலும் கம்பெனியாரின் ஆணை துரத்தும் என்னும் அச்சம் இருந்தது. துறைமுகத்தில் புறப்பட ஆயத்தமாய் இருந்த ஒரு கப்பல் இரங்கூனுக்குச் செல்வதாக இருந்தது, அதில் ஏறினர். அக்கடற்பயணத்திலேயே ஆன் அம்மையாரின் முதற்குழந்தை உயிரின்றிப் பிறந்தது. ஜூலை 13ஆம் நாள் அவர்கள் இரங்கூனை அடைந்தனர். இன்று மியன்மார் என்று வழங்கும் நாட்டின் யாங்கோன் நகரமே அது.

பர்மிய மொழியைக் கற்க அந்நாளில் ஆங்கிலத்தில் தக்க இலக்கண நூலும் இல்லை; அகராதியும் இல்லை. ஜட்சன் ஒரு பர்மிய ஆசிரியரை அமர்த்தி, நாள்தோறும் பல மணி நேரம் அவரோடு உட்கார்ந்து கற்றார். பௌத்த நூல்களின் சொற்களை அறியப் பாலி மொழியையும் பயின்றார். ஊரார் வழக்கப்படி சாலையோரத்தில் 'சயாட்' ஒன்றைக் கட்டினார். சயாட் என்பது வழிப்போக்கர் இளைப்பாறவும் அறவுரை கேட்கவும் உதவும் மண்டபம்; நம் நாட்டுச் சத்திரம் போன்றது. அங்கே உட்கார்ந்து வருவோர் போவோரோடு உரையாடினார். 1819ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் மௌங் நாவ் என்பவர் ஞானஸ்நானம் பெற்றார். ஆறு ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த முதல் பலன் அவர் ஒருவரே. அதற்கிடையில், 1815இல் பிறந்த ஆண்குழந்தை எட்டு மாதத்தில் இறந்தது.

அவ்வாண்டுகளில் ஜட்சன் தளரவில்லை என்பதைக் கருத வேண்டும். பலன் இல்லாமை அவரை முறிக்கவில்லை. 1820இல் தலைநகருக்குச் சென்று பாஜிடோ மன்னரிடம் சமய உரிமை வேண்டி விண்ணப்பித்தார்; மன்னர் ஏற்கவில்லை. திரும்பி வந்து மொழிபெயர்ப்பில் முனைந்தார். 1823இல் புதிய ஏற்பாடு முழுவதும் பர்மிய மொழியில் முற்றுப்பெற்றது.

ஆவாச் சிறை

1824இல் பர்மிய அரசுக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டது. ஜட்சன் அப்பொழுது தலைநகராகிய ஆவாவில் இருந்தார். அமெரிக்காவினின்று அவருக்கு வரும் பணம் ஓர் ஆங்கில வணிகர் வழியாகக் கைக்கு வந்தது. ஒற்றர்க்குக் கொடுக்கும் கூலியே அது என்று அதிகாரிகள் ஐயுற்றனர். ஜூன் 8ஆம் நாள் அவரைப் பிடித்து, 'கையே, தயங்காதே' என்று பொருள்படும் பெயர்கொண்ட சிறையில் அடைத்தனர். கால்களில் மூன்று இணை விலங்குகள் பூட்டப்பட்டன. பின்னர் அவை ஐந்தாயின. இரவில் கைதிகளின் கால்களுக்கிடையே நீண்ட மூங்கிலைச் செருகி, தோள் மட்டும் தரையில் படும்படி உயர்த்திக் கட்டினர்.

ஆன் அம்மையார் நாள்தோறும் அதிகாரிகளின் வாயிலில் நின்று மன்றாடினார். புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியை முதலில் மண்ணில் புதைத்தார். ஈரத்தால் கெடும் என்று அஞ்சி, பின்பு ஒரு முரட்டுத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கணவருக்கு அனுப்பினார். கைதிகளை வேறிடத்துக்குக் கொண்டுபோனபோது அத்தலையணை வீசி எறியப்பட்டது. மௌங் இங் என்னும் கிறிஸ்தவர் அதைத் தம் ஆசிரியரின் நினைவாக எடுத்து வைத்தார். மாதங்கள் பல கடந்த பின்னரே உள்ளே பிரதி பழுதின்றி இருந்தமை தெரிந்தது.

1825 மே மாதத்தில் கைதிகளைச் சுடுமணலில் வெறுங்காலோடு நடத்தி ஔங்பின்லே என்னும் ஊருக்குக் கொண்டு சென்றனர். ஆன் அம்மையார் அவ்வாண்டு சனவரியில் பிறந்த மரியா என்னும் கைக்குழந்தையோடு பின்தொடர்ந்தார். அங்கே அவர் நோயுற்றுப் பாலூட்ட இயலாமற் போனார். ஜட்சன் காவலருக்குக் கையூட்டுக் கொடுத்து, விலங்கிட்ட காலோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் சென்று, பால்கொடுக்கும் தாய்மாரிடம் வீடுவீடாய் இரந்தார். பெயர் தெரியாத அப்பர்மியத் தாய்மார் பகைநாட்டான் எனப்பட்டவனின் குழந்தைக்குப் பால் கொடுத்தனர். அவர்கள் செய்த அறம் சரித்திரத்தில் மறக்கத்தகாதது.

ஏறத்தாழ 17 மாதச் சிறைவாசத்துக்குப் பின், மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதற்காக அவர் வெளியே கொணரப்பட்டார். 1826 பிப்ரவரி 24இல் யாண்டபோ உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. குடும்பம் மூவரும் உயிரோடு ஒன்றுசேர்ந்தனர். சிறையின் கொடுமை எதுவும் அவருடைய விசுவாசத்தையோ நம்பிக்கையையோ அசைத்ததாகத் தெரியவில்லை. காப்பதற்கு மனைவியும் குழந்தையும் இருந்தனர். முடிப்பதற்குப் பணி இருந்தது.

கருப்பு முத்திரையிட்ட கடிதம்

உடன்படிக்கையால் தெனாசரிம் கடற்கரை ஆங்கிலேயர் வசமாயிற்று. அங்குப் புதிதாய் அமைந்த ஆம்ஹர்ஸ்ட் நகருக்கு 1826 ஜூலையில் ஜட்சன் குடும்பம் குடிபெயர்ந்தது. இன்று சைக்கமி எனப்படும் அவ்வூர், மலேயாத் தமிழர் எளிதில் மறக்கக்கூடிய திசையில் இல்லை. 1942, 1943 ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம்மவர் பலர் மாண்ட அப்பாதையின் பர்மிய முனையாகிய தான்பியூசயாட், அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அவ்வூர்ப் பெயரின் பிற்பகுதியும் மேலே கண்ட 'சயாட்' என்னும் சொல்லேயாகும்.

அந்நேரத்தில் ஆங்கில அரசு பர்மிய மன்னரோடு வணிக ஒப்பந்தம் செய்யத் தூதுக்குழு ஒன்றை ஆவாவுக்கு அனுப்பியது. அதன் தலைவர் ஜான் கிராபர்ட். 1823 முதல் 1826 வரை சிங்கப்பூரின் ரெசிடெண்டாக இருந்தவரும், 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அத்தீவை முற்றிலும் கம்பெனிக்கு உரியதாக்கியவரும் அவரே. மொழிபெயர்ப்பாளராக உடன்வருமாறு அவர் ஜட்சனை அழைத்தார். ஒப்பந்தத்தில் சமய உரிமைக்கு ஒரு பிரிவு சேர்க்க முயல்வதாகச் சொன்னமையால் ஜட்சன் இசைந்தார். புது வீட்டையும் நலிந்த உடலோடிருந்த மனைவியையும் குழந்தையையும் விட்டுச் சென்றார்.

சமய உரிமைப் பிரிவு ஒப்பந்தத்தில் இடம்பெறவில்லை. ஆவாவில் இருக்கையில் கருப்பு முத்திரையிட்ட கடிதம் ஒன்று அவர் கைக்கு வந்தது. குழந்தை மரியா நோயுற்றிருந்தது அவருக்குத் தெரியும்; ஆதலால் குழந்தை இறந்தது என்று எண்ணியே அதைத் திறந்தார். இறந்தவர் மனைவியார். 1826 அக்டோபர் 24ஆம் நாள் ஆன் அம்மையார் காய்ச்சலால் காலமானார். அவருக்கு வயது 36. கணவர் அருகில் இல்லை. ஜட்சன் திரும்பி வந்து மூன்று மாதம் ஆவதற்குள், 1827 ஏப்ரல் 24ஆம் நாள், மரியாவும் இறந்தாள். தாய் இறந்து சரியாக ஆறு மாதம். தாயின் அருகிலேயே மகளும் அடக்கம் செய்யப்பட்டாள். பட்ட காலிலே படும் என்பது பழமொழி. அமெரிக்காவில் தந்தையாரும் இறந்தார் என்னும் செய்தியும் கடல் கடந்து வந்து சேர்ந்தது.

காட்டுக் குடிலில்

ஜட்சன் தம் இருப்பிடத்தை மௌல்மீனுக்கு மாற்றிக்கொண்டு பணியைத் தொடர்ந்தார். வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. உள்ளத்திலோ ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. பர்மாவுக்கு வந்தது கடவுளுக்காகவா, தந்தையார் ஊட்டி வளர்த்த புகழாசைக்காகவா? அக்கேள்விக்கு அவரால் விடை கூற இயலவில்லை. மனைவியை விட்டுப் பிரிந்து சென்ற பயணமும் பயனற்றுப் போயிற்று. துயரம் மெல்லத் தன்னைத்தானே குற்றஞ்சாட்டும் நோயாக மாறியது.

1823இல் பிரவுன் பல்கலைக்கழகம் அளித்த டாக்டர் பட்டத்தை 1828இல் துறப்பதாக அறிவித்தார். தம் சொந்தச் சொத்தைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். தம்மைப் பாராட்டி வந்த பழைய கடிதங்களை அழித்தார். ஆங்கில அதிகாரிகளின் விருந்துகளுக்குச் செல்வதை நிறுத்தினார். மொழிபெயர்ப்பு வேலையும் தளர்ந்தது. ஆன் அம்மையார் இறந்த இரண்டாம் ஆண்டு நாளாகிய 1828 அக்டோபர் 24இல், புலி நடமாடும் காட்டின் ஓரத்தில் அமைத்த குடிலுக்குத் தனியே குடிபுகுந்தார். அங்கே தமக்கெனப் புதைகுழி ஒன்றை வெட்டி, அதன் கரையில் நாட்கணக்காய் அமர்ந்து, தம் உடல் அதனுள் அழியும் நிலையை எண்ணிக்கொண்டிருந்தார்.

அதற்கு மறு ஆண்டு அதே நாளில் எழுதிய கடிதம் ஒன்றில் தம் நிலையைத் தெளிவாகவே வெளியிட்டார். கடவுள் தமக்கு அறியவொண்ணாத ஒருவராகிவிட்டார் என்றும், அவர் உண்டு என்று தாம் விசுவாசித்தாலும் அவரைக் காண முடியவில்லை என்றும் அதன் கருத்து அமைந்தது. இளமையில் ஈம்சோடு கூடி அவர் சொன்னதும் இதுவும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஆயினும் இவற்றிடையே உள்ள வேறுபாடு பெரிது. அன்று அவர் கடவுளைத் தேடவில்லை. காணாமையால் வருந்தவும் இல்லை. இன்று தேடுகிறார், காணாமையே அவரை வதைக்கிறது. விசுவாசம் எஞ்சி நிற்க, நம்பிக்கை அறவே வற்றிப்போன நிலை இது.

இக்குடில் வாழ்க்கையைத் துறவின் உச்சம் என்று புகழ்வோரும் உண்டு. அது பொருந்துவதாகத் தெரியவில்லை. துறவு உயிர்களிடத்து அன்பை விரிவடையச் செய்யும். ஜட்சனின் தனிமையோ அவரைத் தம்முள்ளேயே சுருங்கச் செய்தது. தம் பாவம், தம் செருக்கு, தம் இறப்பு என்பவற்றையன்றி வேறொன்றும் அவர் கண்ணில் படவில்லை. புகழாசையை வேரோடு களைய முயன்றவர், அம்முயற்சியாலேயே இரவும் பகலும் தம்மைப் பற்றியே எண்ணிக்கொண்டிருக்க நேர்ந்தது.

ஒன்று மட்டும் இங்குக் குறிக்கத்தக்கது. அதே 1828ஆம் ஆண்டு மே மாதத்தில், தவாய் நகரில் கோ தா பியூ என்னும் கரேன் இனத்தவர் ஞானஸ்நானம் பெற்றார். கொலையும் கொள்ளையும் செய்து திரிந்து, கடனுக்கு அடிமைப்பட்ட அம்மனிதரைத் தம்மிடத்து ஏற்று முதலில் கற்பித்தவர் ஜட்சன்; ஞானஸ்நானம் கொடுத்தவர் அவருடைய இளந்தோழர் ஜார்ஜ் போர்டுமன். கோ தா பியூ மலைகளெங்கும் சென்று தம் இனத்தாரிடையே பேசலானார். கரேன் மக்கள் கூட்டங் கூட்டமாய்ச் செவிசாய்த்தனர். ஜட்சன் தம் வாழ்வைக் குற்றக் கணக்காக எண்ணிக் குழிக்கரையில் அமர்ந்த காலத்தில், அவர் விதைத்தது வேறொரு மலையில் முளைத்துக்கொண்டிருந்தது.

மீட்சி வந்த வழி

இம்முறை மீட்சி ஓர் இரவில் வரவில்லை. இன்ன நாளில் வந்தது என்று குறிக்கவும் இயலாது. ஆயினும் அதன் தடங்கள் சிலவற்றைக் காணலாம்.

முதலாவது தடம் மற்றுமொரு மரணச் செய்தி. ஜட்சனின் தம்பி எல்நாதன் 1829 மே மாதத்தில் அமெரிக்காவில் இறந்தார். ஜட்சன் தாயகத்தை விட்டுப் புறப்பட்டபோது தம்பி விசுவாசம் அற்றவராக இருந்தார். இறுதியில் அவர் மனம் மாறி அமைதியோடு இறந்தார் என்று கொள்ள இடமளிக்கும் செய்தி மாதங்கள் கழித்துப் பர்மாவை எட்டியது. துயரச் செய்திதான், ஆனால் நெடுநாளைக்குப் பின் தம்மைப் பற்றியதல்லாத ஒரு மகிழ்ச்சி அதனோடு கலந்து வந்தது. அடைத்துக் கிடந்த கதவு சிறிதே திறந்தது.

இரண்டாவது தடம் மனிதரை நோக்கித் திரும்பிய பயணம். 1830இல் அவர் குடிலை விட்டு ஐராவதி ஆற்றின் வழியே புரோம் நகருக்குச் சென்று, பழைய சயாட் ஒன்றில் அமர்ந்து மீண்டும் மக்களோடு பேசத் தொடங்கினார். முதலில் பலர் வந்தனர். பின்னர் அரசாங்கத்தின் சினத்துக்கு அஞ்சி ஒதுங்கினர். சில மாதங்களில் அவ்வூரை விட்டு நீங்க நேர்ந்தது. கணக்குப் பார்த்தால் அதுவும் தோல்வியே. ஆனால் இத்தோல்வி அவரைக் குடிலுக்குத் திருப்பி அனுப்பவில்லை.

இரங்கூனில் தங்கிய அவரிடம், 1831ஆம் ஆண்டு பெருந்திருவிழாக் காலத்தில், சுவேடகோன் கோயிலுக்கு நாட்டின் பல திசைகளிலிருந்தும் வந்த மக்கள் துண்டுப் பிரசுரம் கேட்டு வந்தனர். கேட்டவர்க்கன்றிப் பிறர்க்குக் கொடுக்காமலே ஏறத்தாழ 10,000 பிரசுரங்கள் கொடுத்ததாகவும், வீடு தேடி வந்து கேட்டவர் சுமார் 6,000 பேர் இருக்கலாம் என்றும் அவர் எழுதினார். சயாம், சீன எல்லைப்புறங்களிலிருந்து இரண்டு மூன்று மாதம் நடந்து வந்தோரும் அவர்களில் இருந்தனர். அவர்கள் அனைவரும் கிறிஸ்தவராகிவிடவில்லை, ஆகவும் வேண்டியதில்லை. வாயிலில் நின்று கேட்கும் மனிதர் ஒருவர் இருக்கையில், எழுந்து சென்று கொடுக்க வேண்டியிருக்கிறது. குழிக்கரையில் அமர்ந்திருக்க நேரம் இல்லை.

பின்னர் அவர் கரேன் மக்களின் காடுகளில் படகிலும் கால்நடையாகவும் சுற்றினார். முன்பு சாவதற்கென்று நாடிய காட்டையே இப்பொழுது மனிதரைக் காண்பதற்கென்று நாடினார். அக்காலத்து அவருடைய எழுத்துகளில் தம்மைப் பற்றிய குற்றச்சாட்டு குறைந்து, சந்தித்த கிழவிகள், சிறுவர், ஊர்த்தலைவர் பற்றிய செய்திகள் நிறைகின்றன. நோய் நீங்கியமைக்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது தடம் மொழிபெயர்ப்பு. எபிரெய மொழிப் பழைய ஏற்பாட்டைப் பர்மியத்தில் பெயர்க்கும் பணியை முழுமூச்சாய் மேற்கொண்டு, 1834ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் முடித்தார். கடைசி ஏட்டைக் கையில் ஏந்தி முழந்தாளிட்டு, குறைகளுக்கு மன்னிப்புக் கேட்டு, அதனைக் கடவுளுக்கு ஒப்படைத்தார். ஆயினும் அதை அப்படியே அச்சிட விட்டுவிடவில்லை. மேலும் ஆறு ஆண்டு உழைத்து, 1840இல் முழுநூலையும் திருத்தி முடித்தார்.

சொல் தெரிவில் அவர் காட்டிய கவனத்துக்கு ஒரு சான்று தமிழாசிரியர்க்கு இனிக்கும். இறைவனின் எபிரெயத் திருப்பெயருக்கு ஈடாக அவர் நூலில் 'தாவரப் பயா' என்று ஒலிக்கும் சொற்றொடர் வழங்குகிறது. 'பயா' என்பது பர்மியர் புத்தரையும் போற்றி அழைக்கும் சொல். 'தாவர' என்பது பாலி மொழியினின்று வந்தது. நிலைபெற்றது, என்றும் உள்ளது என்று பொருள்படும். நின்ற இடத்தில் நிற்கும் மரஞ்செடிகளைத் தமிழர் தாவரம் என்பதும் அதே வேரினின்று வந்த வடசொல்லால்தான். மனைவியும் மக்களும் தந்தையும் தம்பியும் ஒருவர்பின் ஒருவராய் நீங்கிப்போகக் கண்ட மனிதர், 'நிலைத்திருப்பவர்' என்னும் அச்சொல்லை ஏடுதோறும் தம் கையால் எழுத வேண்டியிருந்தது. அவரால் காண முடியாதிருந்தவரின் பெயர் அது.

பிற்காலம்

1831இல் ஜார்ஜ் போர்டுமன் இறந்தார். அவருடைய மனைவியார் சாராவை ஜட்சன் 1834 ஏப்ரலில் மணந்தார். குழந்தைகள் பிறந்தனர், அவர்களுள் சிலரை இழக்கவும் நேர்ந்தது. 1845இல் தாயகம் திரும்பும் வழியில் சாரா அம்மையாரும் செயிண்ட் எலினாத் தீவில் காலமானார். 1826இல் பட்ட அடியே மீண்டும் விழுந்தது. ஆனால் இம்முறை அவர் குடில் கட்டவில்லை, குழி வெட்டவில்லை. மறு ஆண்டு எமிலி சபக் என்னும் எழுத்தாளரை மணந்து, மௌல்மீனுக்குத் திரும்பி, ஆங்கிலம்-பர்மிய அகராதியை முடிப்பதில் ஈடுபட்டார். அது 1849இல் நிறைவெய்தியது. 1850 ஏப்ரல் 12ஆம் நாள், உடல்நலம் நாடி மேற்கொண்ட கடற்பயணத்தில், 61ஆம் வயதில் காலமானார். அவர் உடல் கடலிலே விடப்பட்டது. தமக்கென்று தாமே வெட்டிய குழி அவருக்குப் பயன்படவில்லை.

அவருடைய விவிலியம் இன்றும் பர்மியக் கிறிஸ்தவரிடையே வழங்குகிறது.

இரு இழப்புகளையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகிறது. விசுவாசத்தை இழந்த இளைஞனை ஒரு மரணம் தட்டி எழுப்பியது. நம்பிக்கையை இழந்த நடுவயதினரைத் தொடர்ந்து வந்த மரணங்கள் குழிக்கரையில் உட்கார வைத்தன. ஆகவே மரணம் ஒருவனை விசுவாசத்துக்கு அழைத்துவரலாம். ஆனால் நம்பிக்கையை அது தர வல்லதன்று. தம்மையே ஆராய்ந்து தம்மையே தண்டிப்பதாலும் நம்பிக்கை திரும்பவில்லை. வாயிலில் நின்று கேட்டவர்க்காக எழுந்தபோதுதான் அது திரும்பியது. பவுல் அடிகள் கூறிய மூன்றனுள் மூன்றாவதாகிய அன்பே, எஞ்சி நின்ற முதலாவதையும் வற்றிப்போன இரண்டாவதையும் மீண்டும் இணைத்தது.

விலங்கிட்ட காலோடு வந்த அந்நியனின் குழந்தையை வாங்கிப் பாலூட்டிய ஔங்பின்லே ஊர்ப் பெண்கள் இதை எந்த நூலிலும் படித்தவர் அல்லர். குழந்தை அழுதது, கொடுத்தார்கள். ஜட்சன் பல மொழிகளைக் கற்று, பட்டங்களைப் பெற்றுத் துறந்து, நெடுவழி சுற்றி வந்து சேர்ந்த இடமும் அதுவே.